டிவி போயிருச்சு, அடுத்து என்ன? என் கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்னக் கடையில் டிவி பழுது பார்க்கிறேன். பெட்டி டிவி காலத்திலேயே சால்டரிங் அயர்ன் பிடித்த கை. புது டிவி விற்பது என் தொழில் இல்லை, அதனால் எந்தக் கம்பெனியும் எனக்கு மாமன் மச்சான் கிடையாது. ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் ரிப்பேரைப் பற்றிக் கேட்ட கையோடு, "அப்ப புதுசு வாங்கினா எதை வாங்க?" என்றும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரே பதிலை நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, சத்தம் வருது, படம் வரலை. டிவி போயிருச்சா?

பெரும்பாலும் போகவில்லை. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியை ஓடவிடுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து அடியுங்கள். உள்ளே மங்கலாக ஆள் நடமாடுவது தெரிந்தால் பேனல், அதாவது திரை, நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் அவுட்.

எல்இடி டிவியில் திரை தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் எல்இடி பல்புகளைப் பட்டை பட்டையாக ஒட்டியிருப்பார்கள், அந்தப் பேக்லைட் வெளிச்சத்தில்தான் படம் தெரிகிறது. பல்புகளெல்லாம் தொடராக இணைந்தவை. பழைய கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் சரமே அணையுமே, அதே கதைதான். பல செட்டுகளில் ஒரு பல்பு போனதும் போர்டு பயந்துபோய் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். இதற்குப் பட்டைகளை முழு செட்டாக மாற்ற வேண்டும். போன ஒரு பல்பை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதி பல்புகளும் அதே வயசு, அதே சூட்டில் வெந்தவை. மூன்று மாதத்தில் திரும்பவும் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

பேக்லைட் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் சூடு. வாங்கிய நாளில் நிறமும் வெளிச்சமும் தூக்கலான 'விவிட்' மோடில், பேக்லைட் 100-ல் இருந்ததை அப்படியே விட்டிருப்பார்கள். அதை 50, 60-க்கு இறக்கினால் கண்ணுக்கும் நல்லது, பல்புக்கும் நல்லது.

லைட்டே எரியலை. செத்த மாதிரி கிடக்கு.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். விளாங்குடியிலிருந்து ஒருவர் 55 இஞ்ச் டிவியை லோடு ஆட்டோவில் ஏற்றி, மனைவியையும் மச்சினனையும் இரண்டு பக்கமும் பிடிக்க வைத்துக் கொண்டுவந்தார். என் மேசையில் மாட்டியதும் டிவி ஜம்மென்று ஓடியது. வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்ச் கருகியிருந்திருக்கிறது. ஆட்டோ வாடகைதான் அவருக்கு ரிப்பேர் செலவு.

சுவர் பிளக்கிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை போர்டு. கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், இல்லாவிட்டால் பல்லி விழுந்திருக்கும். சிரிக்காதீர்கள். டிவியின் பின்பக்கம் கதகதப்பாக இருக்கும், கொசுவும் பூச்சியும் வரும், பல்லிக்கு அது மாளிகை. போர்டில் உள்ள இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே அது குறுக்கே படுத்தால் போர்டு கருகிவிடும். எறும்பு கூடு கட்டிய செட்டும் வரும். இந்த வகைப் பழுதெல்லாம் செய்து கொடுக்கக்கூடியவைதான்.

திரையில கோடு கோடா விழுது. தட்டினா சரியாகுது.

தட்டாதீர்கள். பெட்டி டிவிக்குத் தட்டு வைத்தியம் கொஞ்சம் கேட்கும், இதற்குக் கேட்காது.

செங்குத்தாக ஒரு கோடு நிரந்தரமாக நின்றால், பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிமோ, அதன் மேலிருக்கும் ஐசி என்ற சின்னச் சிப்போ போய்விட்டது என்று அர்த்தம். இதை மறுபடி ஒட்டுவதற்குத் 'டேப் பாண்டிங்' என்று பெயர், தனி மெஷின் வேண்டும். செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்று எழுதிக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். படம் முழுக்க நிறம் மாறி, வெளுத்து, இரட்டையாகத் தெரிந்தால் பேனலுக்குப் படத்தைப் பிரித்து அனுப்பும் டி-கான் போர்டாக இருக்க வாய்ப்புண்டு, அது சின்னச் செலவு.

கோடு விழ ஒரு காரணம் நம் வீட்டுச் சுத்தம். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையிலேயே நேராக அடிக்கிறோம். அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்குகிறது. ஃபிலிமும் ஐசியும் பல மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. போகிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவி மெழுகிய பிறகு எனக்கு வரும் செட்டுகளில் பாதி இந்தக் கேஸ். காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். அழுக்குப் போகவில்லை என்றால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள்.

பையன் பந்தடிச்சு ஸ்க்ரீன் உடைஞ்சிருச்சு.

சோலி முடிந்தது. பேனல் விலையே புது டிவி விலையில் பாதிக்கு மேல் வரும், பல மாடல்களுக்குக் கிடைக்கவும் செய்யாது. உடைசலுக்கு வாரண்டியும் செல்லாது. பையனை அடிக்காதீர்கள்.

ரிப்பேருக்கும் புதுசுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

என் கணக்கு இது. அதே அளவு புது டிவியின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் ரிப்பேர் முடிந்தால் செய்யுங்கள். பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். நடுவில் நின்றால் டிவியின் வயசைப் பாருங்கள். ஏழெட்டு வருஷம் ஓடிய செட் என்றால் ஒரு போர்டை மாற்றியதும் அடுத்த போர்டு வரிசையில் நிற்கும்.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். "டிவி ரொம்ப ஸ்லோ, யூடியூப் திறக்கலை" என்பது பழுது இல்லை. படம் நன்றாக இருந்தால் எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுங்கள். சில ஆயிரத்தில் பழைய டிவி புது ஸ்மார்ட் டிவி ஆகிவிடும். இதற்காகவே நல்ல பேனலைத் தூக்கி எக்ஸ்சேஞ்சில் போட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எத்தனை இஞ்ச் வாங்கணும்?

டேப்பை எடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி வைக்கும் சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். சுமாராக 4, 5 அடி என்றால் 32. 6 அடி என்றால் 43. ஏழு, ஏழரை அடி என்றால் 55. 9 அடி இருந்தால் 65 வரை போகலாம். நம் ஊரில் பத்துக்குப் பத்து ஹால்தான் அதிகம். சோபா, நடக்கும் வழி எல்லாம் போக ஆறேழு அடிதான் மிஞ்சும். அதற்கு 43 கச்சிதம், ஆசைக்கு 50. கடையில் மூன்றாள் உயரக் கூரைக்குக் கீழே 55 இஞ்ச் பொடியாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது சங்கடம் ஷோகேஸ். 20, 25 வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளில் ஹால் சுவரில் சிமெண்ட் பலகை போட்டு, நடுவில் 21 இஞ்ச் பெட்டி டிவிக்கென்றே மாடம் விட்டிருப்பார்கள். மேல் தட்டில் கல்யாண போட்டோ, கீழ்த் தட்டில் ஸ்கூலில் வாங்கிய கப். அந்த மாடத்தில் 43 நுழையுமா என்று வாங்கிய பிறகு யோசிக்கிறார்கள். 32 இஞ்ச் டிவியின் அகலம் சுமார் 72 செ.மீ., 43-க்கு 96, 55-க்கு 123. சொல்லும் இஞ்ச் குறுக்களவு, அகலம் இல்லை. அகலம் சரியாக வந்தாலும் கால்களைப் பாருங்கள். இப்போது வரும் டிவிகளுக்கு இரண்டு ஓரத்திலும் கால், பலகை சின்னதாக இருந்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். மேலேயும் பக்கவாட்டிலும் நாலு விரல் காற்று போக இடம் விடுங்கள்.

நாங்க கேபிள்தான் பாக்குறோம். 4கே வேணுமா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

சாதாரண கேபிள் செட்டாப் பாக்ஸில் வரும் எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தெளிவுப் படம் 720-க்கு 576 புள்ளி. மொத்தம் நாலே கால் லட்சத்துக்கும் குறைவு. 4கே திரையில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. வந்த ஒரு புள்ளியை டிவி இருபதாக நீட்ட வேண்டும். ஒரு கரண்டி மாவை ஊற்றிக் கல் நிறையத் தோசை வார்க்கச் சொன்னால் என்ன ஆகும்? அங்கங்கே பிய்ந்து, ஓட்டை விழுந்துதான் வரும். "புது டிவி, முகமெல்லாம் கலங்குது" என்று முதல் வாரமே வருகிறவர்களுக்கு டிவியில் குறை இல்லை, மாவுதான் போதவில்லை.

நாள் முழுக்கக் கேபிள் சீரியலும் செய்தியும்தான் என்றால், 32 இஞ்ச் எச்டி ரெடியோ, 40, 43-ல் அதைவிடப் புள்ளி அதிகமான ஃபுல் எச்டியோ போதும். யூடியூப், ஓடிடி, கிரிக்கெட் என்று இன்டர்நெட்டிலும் பார்க்கிறவர்கள் 43-லிருந்து 4கே வாங்கலாம். இப்போது அந்த அளவுக்கு மேல் பெரும்பாலும் 4கே மட்டும்தான் கிடைக்கிறது. கூடவே கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் கேளுங்கள். டிவிக்குக் கொடுக்கும் காசில் சிறு துண்டை அந்தப் பாக்ஸுக்குக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அதிகம்.

இன்னொன்று. பழைய பாக்ஸில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஒயர் இருக்கும். புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளை இல்லை. ஒரே ஒரு சின்ன ஏவி துளைதான், அதற்குத் தனி ஒயர் வேண்டும். பெட்டியில் அது இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் டிவி வந்த அன்று சாயந்திரம் சீரியல் ஓடாது. அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும்.

மாடியில் ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பித் தூர்தர்ஷன் பார்த்த ஊர் இது. "வருதா? வருதா?" என்று மேலிருந்து கத்த, "இப்ப வருது, கையை எடுக்காதே!" என்று கீழிருந்து பதில் வரும். அந்தப் புள்ளி மழையில் படம் பார்த்த தலைமுறைக்கு எஸ்டி ஒன்றும் பெரிய குறையாகத் தெரியாது. பேரப்பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி. என்ன வித்தியாசம்?

முதல் மூன்றும் ஒரே சாதி. பின்னால் வெளிச்சம், முன்னால் திரவப் படிகத் திரை. க்யூஎல்இடி-யில் நடுவே குவாண்டம் டாட் என்ற நுண்துகள் அடுக்கு உண்டு, நிறம் கூடுதலாகத் துலங்கும். மினி எல்இடி-யில் பின்னால் உள்ள பல்புகள் பொடியாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். இருட்டான இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்க முடியும். ஓஎல்இடி வேறு குலம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அணைந்தால் முழுக் கறுப்பு. சினிமா பார்க்க அதைப் போல் இல்லை. ஆனால் நம் வீடுகளில் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே செய்தி சேனல் ஓடுகிறது. கீழே அசையாத பட்டை, மூலையில் லோகோ. வருஷக்கணக்கில் அதே இடம் ஒளிர்ந்தால் ஓஎல்இடி-யில் தழும்பு விழும். செய்திப் பிரியர் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு. விஏ-யில் கறுப்பு ஆழமாக வரும், ஆனால் பக்கவாட்டில் போனால் வெளுக்கும். ஐபிஎஸ்-ல் கறுப்பு கொஞ்சம் சாம்பல், ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே நிறம். தாத்தா நாற்காலியில், பிள்ளைகள் தரையில், அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி என்று பார்க்கிற வீட்டுக்கு ஐபிஎஸ் தோதுப்படும். கடைக்காரருக்கே எது என்று தெரியாவிட்டால் நீங்களே ஓரமாக நடந்து போய்ப் பாருங்கள், தரையில் குந்தியும் பாருங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நினைத்தால்தான் என்ன?

கடையில எல்லா டிவியும் ஒரே மாதிரி பளபளன்னு தெரியுதே?

அங்கே ஓடுவது கடைக்கென்றே எடுத்த படம். பூ மெதுவாக விரியும், தேன் மெதுவாக வழியும். அதில் எந்த டிவியும் தோற்காது. ரிமோட்டை வாங்கி, 'விவிட்' மோடை 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். பிறகு அந்த டிவியிலேயே யூடியூப் திறந்து நம் ஊர்ச் சங்கதிகள் மூன்றைப் போடுங்கள்.

ஒன்று, ஜல்லிக்கட்டு. தைப் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். எது கிடைத்தாலும் சரி. வாடிவாசலிலிருந்து காளை பாய்கிற நொடியில் கொம்பு கொம்பாகத் தெரிகிறதா, புகையாக இழுக்கிறதா என்று பாருங்கள். புழுதிக்குள் மாடுபிடி வீரர்களின் பனியன் நம்பர் படிக்க முடிந்தால் அசைவு தேறிவிட்டது. அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி பல டிவிகளில் இருக்கும். விளையாட்டுக்கு அது சரி. சினிமாவுக்குப் போட்டால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடும், அணைத்துவிடுங்கள்.

இரண்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி. பச்சைப் பட்டு பட்டாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்பச்சையாகத் தெரிந்தால் நிறத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் நிற்கிற கூட்டத்தில் தலை தலையாகப் பிரிந்து தெரிகிறதா, மொத்தமாகக் கறுப்புப் பாய் விரித்த மாதிரி இருக்கிறதா?

மூன்று, அதே திருவிழாவில் ராத்திரி பூப்பல்லக்கு. பல்லக்கில் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. இருட்டு கறுப்பாக நின்றால் நல்ல பேனல். சாம்பல் பூத்து, விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி ஒளி பரவினால் அடுத்த டிவிக்கு நகருங்கள்.

பெட்டியில் 'எச்டிஆர்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி மட்டும் காசைக் கூட்டாதீர்கள். எச்டிஆர் என்றால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும் படம். மலிவு டிவி அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்கு வெளிச்சம் அதனிடம் இருக்காது.

எந்தக் கம்பெனி நல்லது?

உங்கள் ஊருக்கு வீடு தேடி வந்து பார்க்கும் சர்வீஸ் யாருக்கு இருக்கிறதோ அந்தக் கம்பெனி. மதுரைக்குள் இது சிக்கல் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் தாண்டி இருப்பவர்கள் வாங்கும் முன்னாலேயே கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லி ஆள் வருவாரா என்று கேளுங்கள். வாங்கிய பின் கேட்டால் "டிவியைச் சென்டருக்குக் கொண்டு வாங்க" என்பார்கள்.

பேர் தெரியாத கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய அசெம்பிள் டிவி பாதி விலையில் கிடைக்கும். பின்பக்கம் பிஐஎஸ் என்ற அரசுத் தர முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது டிவிக்கென்றே செய்த முறையான கூகுள் டிவி மென்பொருளா, செல்போன் ஆண்ட்ராய்டைப் பெரிய திரையில் ஏற்றியதா என்றும் பாருங்கள். இரண்டாவது ரகத்தில் ஓடிடி ஆப்கள் சரியாக ஓடாது. ரேம் 2 ஜிபி இருந்தால் நல்லது.

ஆன்லைன்ல வாங்கவா, டவுன்ஹால் ரோட்டுக் கடையில வாங்கவா?

ஆன்லைன் விலையை போனில் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முழுதாக இறங்காவிட்டாலும் ஸ்டாண்ட், இலவச டெலிவரி, பழைய செட்டுக்குக் கொஞ்சம் என்று ஏதாவது ஒன்றில் வருவார்கள். மாடல் எண்ணில் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள், ஒரு எழுத்தில் பேனல் மாறும்.

ஆன்லைனில் வாங்கினால் டெலிவரி ஆளின் முன்னால் பெட்டியைத் திறந்து, டிவியை ஓடவிட்டு, அதை வீடியோ எடுத்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். நீங்களே எடுத்து வருவதாக இருந்தால் டிவியை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் குலுங்குகிற ரோட்டில் நடுவில் விரிசல் விடும். பைக்கில் இரண்டு பேர் நடுவே 43 இஞ்சை இடுக்கிக்கொண்டு போகும் வீரர்களைத் தினமும் பார்க்கிறேன். சிலரை மறுபடியும் கடையில் பார்க்கிறேன்.

ஆடித் தள்ளுபடி வரை பொறுக்கலாமா? ஜிஎஸ்டி குறைஞ்சது உண்மையா?

உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 30,000 ரூபாய் டிவி என்றால், முன்பு 38,400, இப்போது 35,400. 32 வரையிலான டிவிக்கு ஏற்கெனவே 18 தான், அதில் மாற்றம் இல்லை.

ஆடி, தீபாவளி, பொங்கல் மூன்றிலும் தள்ளுபடி வரும். பழைய மாடலைக் காலி பண்ணத்தான் அது, அதனால் தப்பில்லை. போன வருஷ மாடலும் இந்த வருஷ மாடலும் பல நேரம் அண்ணன் தம்பிதான். 'வட்டியில்லா இஎம்ஐ' என்றால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் விலை இன்னும் குறையுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவதற்கு "ஆமா" என்று பதில் வந்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

ஸ்டெபிலைசர் வேணுமா?

இப்போதைய டிவிகள் பெரும்பாலும் 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் போட்டிருக்கும். அதனால் கிணற்று மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிற கிராமத்தில்கூட டிவி அணையாது. ஆபத்து குறைவதில் இல்லை, கூடுவதில். தெருக் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரு தடவை எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படி ஆனபோது ஒரே சாயந்திரத்தில் ஒன்பது செட் என் கடைக்கு வந்தது. ஃபிரிட்ஜுகள் தனிக் கணக்கு. அளவு மீறினால் தானே கட் ஆகும் வசதியுள்ள ஸ்டெபிலைசரோ, வோல்டேஜ் புரொடெக்டரோ இருந்தால் டிவி பிழைக்கும்.

இடிக்கு எதுவும் தாங்காது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் வானம் உறுமத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். அதோடு கேபிள் ஒயரையும், இன்டர்நெட் ஒயர் டிவியில் மாட்டியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தவர்களின் டிவியில் எச்டிஎம்ஐ துளை கருகி வரும். மின்னல் பாக்ஸ் வழியாகவும் வரும்.

கரண்ட் பில் ஏறுமா?

43 இஞ்ச் எல்இடி சுமார் 80 வாட். நாளைக்கு 6 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். அரசின் இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்குகிற வீடு என்றால் கவனியுங்கள், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றே போட்டிருப்பார்கள்.

சுவத்துல மாட்டும்போது?

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர். டிரில் போட்டால் மாவாகக் கொட்டும், பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. நீளமான ஃபாஸ்டனரோ, மரக்கட்டை பதித்து ஸ்க்ரூவோ போடச் சொல்லுங்கள், அல்லது மேசையில் வையுங்கள். உயரத்துக்கு ஒரே விதி: உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வரவேண்டும். சாமி படம் மாதிரி உச்சியில் மாட்டினால் கழுத்து வலிக்கும். சாமி விளக்கு, சாம்பிராணி பக்கத்தில் வேண்டாம்.

பழைய டிவியை என்ன செய்ய? அரசு கொடுத்த பெட்டி டிவி ஒண்ணும் கிடக்கு.

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் 14 இஞ்ச் பெட்டி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் நூறோ இருநூறோ கொடுத்து வாங்கிப் போய், கழுத்துப் பக்கம் உடைத்துச் செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியைக் கண்மாய்க் கரையில் கொட்டுவார். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, நம் கண்மாய்க்குத்தான் கேடு. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள்படி பழைய கருவிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் சேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. புது டிவி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள். எல்இடி செட் என்றால் என்னைப் போன்ற கடையில் கேளுங்கள், போர்டுக்காக எடுத்துக்கொள்வோம்.

வாரண்டி இருக்குன்னாங்க, இப்ப இல்லைங்கிறாங்க.

என் தங்கச்சி வீட்டிலேயே நடந்தது. பதினோராவது மாதம் டிவி போனது. கடையில் கொடுத்தது வெள்ளைத் தாளில் எழுதிய சீட்டு, அதில் சீரியல் எண் இல்லை. கம்பெனிக்காரர் கையை விரித்துவிட்டார். நான் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு பில்லைப் பார்க்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் திட்டு வாங்குகிறேன். ஜிஎஸ்டி பில், அதில் மாடல் எண், சீரியல் எண் மூன்றும் இருந்தால்தான் பணம் கொடுங்கள். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், பில் மை ஒரு வருஷத்தில் பறந்துவிடும்.

பில் இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விஷயம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

தம்பி, புது டிவியில எங்க வீட்டுக்காரருக்கு ரிமோட்டே வெளங்கலை. சன் டிவி எங்கன்னு தேடிட்டே இருக்காரு.

இதற்காகவே சர்வீஸுக்குக் கூப்பிடுகிறவர்கள் உண்டு அம்மா. டிவியைப் போட்டதும் ஆப் வரிசையாக வந்து நிற்கிறது, அவருக்கு வேண்டியது சேனல். செட்டிங்ஸில் 'பவர் ஆன்' என்ற பகுதியில், டிவி போட்டதும் நேராகச் செட்டாப் பாக்ஸ் வரும்படி வைக்கலாம். பாக்ஸ் எச்டிஎம்ஐ-யில் இருந்து, இரண்டிலும் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் சிஇசி வசதி இருந்தால், ஒரே ரிமோட்டில் இரண்டையும் போட்டு அணைக்க முடியும். அதுவும் கூடவில்லை என்றால் எங்கள் அப்பாவுக்கு நான் செய்ததைச் செய்யுங்கள். டிவி ரிமோட்டில் பவர் பட்டன் மட்டும் தெரியும்படி விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். கேபிள் ரிமோட்டில் அவர் பார்க்கும் நாலு சேனல் எண்ணை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிப் பின்னால் ஒட்டினேன். டேப் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளம்பும், மாற்றி ஒட்ட வேண்டும்.